கூடத்தில் ஓடும் நீராவி எஞ்சின்

பணியின் பொருட்டுத் தில்லிக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல, முதலில் குடியமர்ந்த இடம் கரோல் பாக். கிராண்ட் டிரங்க் போன்ற நெடுந்தொலைவு விரைவுவண்டிகளை ஒரு காலத்தில் இழுத்தவை 'டபிள்யூ.பி.' வகை நீராவி எஞ்சின்கள். கூம்பிய முகமும் அதில் பொறித்த விண்மீனும் அவற்றின் அடையாளம். 1947-இல் அமெரிக்காவின் பால்டுவின் ஆலையிலிருந்து முதன்முதலாக வந்த இவ்வகை, பின்னர் சித்தரஞ்சன் ஆலையிலும் உருவாக்கப்பட்டது. 'அக்பர்' என்னும் பெயருடைய எஞ்சின் ஒன்று, தில்லியை அடுத்த ரேவாரி கொட்டகையில் இன்றும் பேணப்படுகிறது.

அதன் மாதிரியை வீட்டுக் கூடத்தில் ஓட்ட விரும்புவோர்க்கு அளவே முதல் இடையூறு. உலகில் பரவலாக வழங்கும் மாதிரி அளவு, உண்மையில் 87-இல் ஒரு பங்கு. அதன் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. இதனை 87-ஆல் பெருக்கினால் 1435 மி.மீ. வரும், அது ஐரோப்பியப் பாதையின் அகலம். நம் அகலப்பாதையோ 1676 மி.மீ.; அதற்கு 19 மி.மீ.க்குச் சற்று மேற்பட்ட இடைவெளி வேண்டும். ஆகவே கடைத் தண்டவாளத்தில் நிற்கும் இந்திய எஞ்சின், கால்களை ஒடுக்கி நிற்பது போலாகிறது. பலர் இக்குறையைப் பொறுத்துக்கொள்கின்றனர். பாதை முழுவதையும் கையால் செய்வதைவிட அது தக்க முடிவே. நீலகிரி மலைரயிலை விரும்புவோர் பேறு பெற்றவர்: அப்பாதை ஒரு மீட்டர் அகலமுடையது, அதற்கு ஏறத்தாழப் பொருந்தும் 12 மி.மீ. தண்டவாளம் ஆயத்தமாகவே கிடைக்கிறது.

மாதிரியில் உண்மையான நெருப்பு ஏன் இல்லை? நீளம் 87 மடங்கு குறையும்போது நீரின் கொள்ளளவு ஆறரை இலட்சம் மடங்கு குறைகிறது. வெப்பம் வெளியேறும் மேற்பரப்போ சுமார் 7,500 மடங்கே குறைகிறது. சிறிய கொதிகலன் விரைவில் குளிர்ந்துவிடும். எனவே இவ்வளவு சிறிய மாதிரிகளைப் பெரும்பாலும் மின்னோடியே இயக்குகிறது. தண்டவாளத்திலிருந்து சக்கரங்கள் 12 வோல்ட் மின்சாரத்தைப் பெற்றுத் தருகின்றன.

சீரமைப்பை வண்ணத்திலிருந்து தொடங்குவது வழக்கம். ஆனால் எஞ்சின் தயங்கி நிற்கும் இடத்திலிருந்தே தொடங்க வேண்டும். கோடையில் வீசும் 'லூ' காற்றுடன் வரும் புழுதி, கரோல் பாக் வீடுகளின் சன்னல்கள் வழியே தண்டவாளத்திலும் படிகிறது. மின்தொடர்பு அறுபட, எஞ்சின் திணறுகிறது. முதல் மருந்து துடைத்தலே. அடுத்து, பின்னால் வரும் நிலக்கரிப் பெட்டியின் சக்கரங்களிலிருந்தும் மெல்லிய கம்பிகளால் மின்சாரம் பெறச் செய்யலாம். தொடும் சக்கரங்கள் மிகுந்தால் தடங்கல் குறையும். கொதிகலனுள் வெற்றிடம் இருந்தால் சிறு ஈயத்துண்டுகளை வைத்து எடை கூட்டலாம். எடை மிகுந்த எஞ்சின் வழுக்காது. ஈயத்தைத் தொட்டபின் கை கழுவுதல் வேண்டும். கம்பி, மின்தடை போன்றவற்றைத் தேட, மின்பொருள்களுக்குப் பெயர்பெற்ற கஃபார் சந்தை அருகிலேயே உள்ளது.

அடுத்த படி, கட்டளைச் சில்லு பொருத்துதல். ஒவ்வோர் எஞ்சினுக்கும் தனி எண் வழங்கி, ஒரே பாதையில் இரண்டினை வெவ்வேறு வேகத்தில் ஓட்ட இது வழிசெய்கிறது. மின்னோடியின் இரு முனைகளும் தண்டவாளத்தோடு நேரடித் தொடர்பின்றி முற்றிலும் பிரிக்கப்பட வேண்டும். ஒரு முனை உலோகச் சட்டத்தைத் தொட்டிருந்தாலும் சில்லு நொடியில் கருகிவிடும். பழைய மாதிரிகளில் சட்டமே மின்பாதையாக அமைந்திருப்பதால், இணைக்குமுன் அளவிமானியால் சோதித்தல் இன்றியமையாதது. பெரியோர் ஒருவர் உடனிருத்தல் நலம்.

ஒலி தரும் சில்லாயின் மற்றொரு நுட்பம் உண்டு. இரு உருளைகள் கொண்ட எஞ்சினில் உந்துதண்டின் இருபுறமும் நீராவி மாறி மாறித் தள்ளுவதால், பெருஞ்சக்கரம் ஒருமுறை சுழல்வதற்குள் நான்கு முறை 'குப்' என்னும் ஒலி எழும். எண்ணிப் பார்த்து அதற்கேற்ப அமைக்காவிடில், ஒலியும் சக்கரமும் பிணங்கித் தோன்றும்.

இவை முடிந்த பின்னரே ஒப்பனை. முன்னே நான்கு, நடுவே ஆறு, பின்னே இரண்டு என அதே சக்கர அமைப்புடைய அயல்நாட்டு மாதிரியின் முகப்பில், மெல்லிய நெகிழித் தகட்டை வளைத்துக் கூம்பு பொருத்துகின்றனர். மூட்டுகளைத் தேய்த்துச் சமன்செய்து, வண்ணம் பூசி, அது நன்கு காய்ந்தபின் நடுவில் விண்மீனை வரைகின்றனர்.