ஒலியின் தாமதமும் எட்டுக் கோபுரங்களும்

ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் மே மாதக் கடைசியோடு கால்பந்து லீக் ஆட்டங்கள் ஓய்ந்துவிடும். ஐம்பதாயிரம், அறுபதாயிரம் பேர் உட்காரும் மைதானங்கள் ஆகஸ்ட் வரை பெரும்பாலும் சும்மா கிடக்கும். பெரிய இசைக்குழுக்கள் கோடையில் கிளம்புவதற்கு நல்ல வானிலை ஒரு காரணம். காலி மைதானம் அதைவிடப் பெரிய காரணம்.

அமெரிக்க ஹெவி மெட்டல் குழுவான மெட்டாலிக்கா 2023 ஏப்ரல் 27 அன்று ஆம்ஸ்டர்டாமில் ‘எம்72’ என்ற உலகப் பயணத்தைத் தொடங்கியது. பாரிஸ், மியூனிக், ஹெல்சிங்கி, மாட்ரிட் போன்ற ஊர்களில் இரண்டு இரவுகள் வாசித்தார்கள். முதல் இரவில் வந்த பாட்டு இரண்டாம் இரவில் வராது. ரசிகர்கள் எந்தப் பாட்டு வந்தது, எது வரவில்லை என்று கணக்குப் பார்ப்பார்கள். எனக்கோ, அத்தனை பெரிய திறந்தவெளியில் அந்தப் பாட்டுகள் பாட்டாகவே காதில் விழுகின்றன என்பதுதான் ஆச்சரியம்.

காரணம், ஒலி மெதுவாகப் போகும் பண்டம். 20 டிகிரி வெப்பத்தில் வினாடிக்கு 343 மீட்டர்தான். நூறு மீட்டர் தள்ளி இருப்பவருக்கு ஏறக்குறைய 0.29 வினாடி கழித்துத்தான் கேட்கும். மெல்லிசையில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். மெட்டல் இசையில் முடியாது. டிரம்ஸ்காரர் இரண்டு காலாலும் பெடலை மிதிக்கிறார். நிமிடத்துக்கு 200 தாளம், தாளத்துக்கு நான்கு மிதி என்று வைத்துக்கொண்டால் ஒரு மிதிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 75 மில்லி வினாடி. அந்த நேரத்தில் ஒலி கடப்பது சுமார் 26 மீட்டர். இரண்டு ஸ்பீக்கர்களின் தொலைவு அவ்வளவு வித்தியாசப்பட்டால், ஒரு மிதியின் மேல் முந்தைய மிதி வந்து விழும். தாளம் போய் இரைச்சல் மிஞ்சும்.

1965இல் நியூயார்க்கின் ஷே மைதானத்தில் பீட்டில்ஸ் பாடியபோது இந்தக் கவலையே எழவில்லை. ஐம்பத்தைந்தாயிரத்துக்கு மேற்பட்ட கூட்டம். ஆட்ட அறிவிப்புக்கு வைத்திருந்த ஒலிபெருக்கிகள். ரசிகர்களின் கூச்சலில் பாடியவர்களுக்கே தாங்கள் பாடியது கேட்கவில்லை.

நிலைமையை மாற்றியது ‘லைன் அரே’. இன்று எந்தப் பெரிய மேடையிலும் பக்கவாட்டில் வளைந்து தொங்கும் ஸ்பீக்கர் சரம் அதுதான். துகள் இயற்பியல் படித்த பிரெஞ்சுக்காரர் கிறிஸ்தியான் ஹீல் 1990களின் தொடக்கத்தில் இதன் நவீன வடிவத்தைக் கொண்டுவந்தார். தனி ஸ்பீக்கரின் ஒலி எல்லாப் பக்கமும் சிதறும். தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். நெருக்கி அடுக்கிய சரத்தில் அலைகள் ஒன்று சேர்ந்து மேலும் கீழும் சிதறாமல் முன்னோக்கிப் போகின்றன. ஒரு குறிப்பிட்ட தூரம் வரை இழப்பு 3 டெசிபல்தான். பின்வரிசைக்குக் கேட்க வேண்டுமென்று முன்வரிசையின் காதைப் பிளக்க வேண்டியதில்லை.

எம்72இல் மேடை ஓர் ஓரத்தில் இல்லை. மைதானத்தின் நடுவில் வளையமாக இருக்கிறது. வளையத்துக்குள்ளேயும் ரசிகர்கள் நிற்கிறார்கள். சுற்றிலும் எட்டுக் கோபுரங்கள். அவற்றில்தான் திரைகளும் ஸ்பீக்கர் சரங்களும். டிரம்ஸ் செட் நான்கு இடங்களில் மேடைக்கு அடியிலிருந்து மேலெழும். டிரம்ஸ்காரர் லார்ஸ் அல்ரிக் சில பாட்டுகளுக்கு ஒருமுறை இடம் மாறுவார். வாசிப்பவர்கள் வளையத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கும்போது வெளியே கேட்பதை நம்பி வாசித்தால் தாளம் தப்பும். காதுக்குள் செருகிய கருவிக்கு ரேடியோவில் வரும் ஒலிதான் அவர்களுக்குத் துணை.

கோபுரங்களால் எல்லாருக்கும் ஸ்பீக்கர் கிட்டே வந்துவிட்டது. ஆனால் இரண்டு கோபுரங்களுக்கு இடையே நிற்பவருக்கு இரண்டு பக்கமிருந்தும் ஒலி வரும். 50 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். இரண்டு பாதைகளுக்கும் மூன்றரை மீட்டர் வித்தியாசம் இருந்தால் ஒரு அலையின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழும். நெஞ்சில் உதைக்க வேண்டிய பேஸ் அங்கே சப்பென்றிருக்கும். சில அடி நகர்ந்து நின்றால் திரும்ப வந்துவிடும். இதை எல்லா இருக்கைக்கும் சரிசெய்ய எந்தப் பொறியாளராலும் முடியாது. எங்கே குறை விழட்டும் என்று தேர்ந்தெடுப்பதில்தான் அவருடைய திறமை.

மாலையில் இன்னொரு தொல்லை. வெப்பம் ஒரு டிகிரி இறங்கினால் ஒலியின் வேகம் வினாடிக்கு 0.6 மீட்டர் குறையும். எந்த ஸ்பீக்கரின் ஒலியை எவ்வளவு தாமதித்து விட வேண்டும் என்று வெயிலில் பார்த்து வைத்த கணக்கு இரவில் சில மில்லி வினாடி பிசகும். திரும்பச் சரிபார்க்க வேண்டும்.

இதே பயணத்தில், 2025 மே மாதம் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் லேன் மைதானத்தில் மெட்டாலிக்கா தங்கள் ‘என்டர் சாண்ட்மேன்’ பாட்டை வாசித்தபோது அங்குள்ள நிலநடுக்கப் பதிவுக் கருவியில் அதிர்வு பதிவானது. அந்தப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி பல ஆண்டுகளாக அந்தப் பாட்டுக்குத்தான் களமிறங்குகிறது. எங்கே குதிக்க வேண்டும் என்று கூட்டத்துக்கு மனப்பாடம். கருவியில் விழுந்தது ஸ்பீக்கரின் அதிர்வு அல்ல, கால்களின் அதிர்வு. அந்தப் பாட்டில் தாளத்துக்குத் தாளம் சுமார் அரை வினாடி. ஒலி ஒரு மூலையிலிருந்து மட்டும் வந்திருந்தால், நூறு மீட்டர் தள்ளி நிற்பவர் பாதித் தாளத்துக்கு மேல் பிந்தியிருப்பார். முன்னால் உள்ளவர் தரையில் இறங்கும்போது பின்னால் உள்ளவர் எழும்பிக்கொண்டிருப்பார். ஒருவர் மிதி மற்றவர் மிதியைக் கழித்திருக்கும்.