பல் வேர் சிகிச்சை: வலிக்குப் பயந்து பல்லை இழக்கலாமா?

"கடைவாய்ப் பல் தாங்க முடியவில்லை, பிடுங்கி விடுங்கள் டாக்டர்" என்று கேட்பவர்கள் நம்மிடையே ஏராளம். "ரூட் கெனால்" என்ற பெயரைக் கேட்டாலே பலருக்கு நடுக்கம். இந்தப் பயம் நியாயம்தானா? பல்லைக் காப்பாற்றுவதா, பிடுங்குவதா? இதில் மருத்துவர்களிடையே நடக்கும் விவாதங்கள் என்ன? இன்று அதைப் பார்ப்போம்.

பல்லின் உள்ளே நரம்பும் இரத்தக் குழாய்களும் கொண்ட மென்மையான கூழ் இருக்கிறது. சொத்தை அதுவரை சென்றால் கூழ் அழற்சியடைகிறது. கையில் வீக்கம் வந்தால் தோல் விரிந்து இடம் கொடுக்கும். பல்லுக்குள்ளோ சுற்றிலும் சுவர். அழுத்தம் கூடுவதால்தான் இரவெல்லாம் உறக்கம் கெடுகிறது. நோயுற்ற கூழை அகற்றி, வேர்க்குழாய்களைச் சுத்தம் செய்து, அடைத்து மூடுவதே வேர் சிகிச்சை. அடைக்கப் பயன்படும் கட்டாபெர்ச்சா என்ற பொருள் மலாயாக் காடுகளில் வளர்ந்த மரத்தின் பாலிலிருந்து கிடைத்தது. அதன் பெயரே மலாய் மொழிச் சொல்தான். ஆக, வலியைத் தருவது நோய். அதை நீக்க வருவதுதான் சிகிச்சை.

அப்படியானால், "ஊசி போட்டும் வலித்தது" என்று சிலர் சொல்வது பொய்யா? இல்லை. மரத்துப்போகச் செய்யும் லிடோகேய்ன் 1943இல் சுவீடனில் உருவாக்கப்பட்டது. நல்ல மருந்துதான். ஆனால், கடுமையாக அழற்சியடைந்த கீழ்க் கடைவாய்ப் பல்லில் அது பல வேளைகளில் முழுமையாக வேலை செய்வதில்லை. உதடு மரத்திருக்கும், பல் மரத்திருக்காது. அழற்சியால் நரம்பு எளிதில் தூண்டப்படும் நிலைக்கு மாறிவிடுவது இதற்கு ஒரு காரணம். இதற்கும் வழி உண்டு. ஈறின் வெளிப்பக்கத்தில் ஆர்டிகேய்ன் என்ற மருந்தைக் கூடுதலாகச் செலுத்தலாம். பல்லைத் தாங்கும் தசைநாரிலோ எலும்பிலோ ஊசி போடலாம். எனவே வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காதீர்கள். கையைத் தூக்கிச் சொல்லுங்கள்.

அடுத்த விவாதம் ஆண்டிபயாடிக் மாத்திரை. பலர் கிளினிக்கில் இதைக் கேட்டு வாங்குகிறார்கள். கூழின் அழற்சி வலியை ஆண்டிபயாடிக் குறைப்பதில்லை. உடனே பல் சிகிச்சை பெற முடிந்தால், பெரும்பாலான பல் வலிகளுக்கு அது தேவையில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் வழிகாட்டியது. காய்ச்சலும் பரவும் வீக்கமும் இருந்தால் மட்டுமே நிலைமை வேறு. வலிக்கு இபுபுரோஃபேன், பாராசிட்டமோல் போன்றவையே முதலில் பரிந்துரைக்கப்படுகின்றன. ஆனால் வயிற்றுப் புண், சிறுநீரக நோய் உள்ளவர்கள், இரத்தம் உறையாமைக்கு மருந்து எடுப்பவர்கள் இபுபுரோஃபேனைத் தாமாக விழுங்கக் கூடாது. நம் நாட்டில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: காய்ச்சல் டெங்கியாக இருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் இபுபுரோஃபேனும் ஆஸ்பிரினும் ஆகாது.

ஒரே நாளில் முடிப்பதா, பல முறை வருவதா என்பது மூன்றாவது விவாதம். இரண்டிலும் வெற்றி ஏறக்குறைய சமம் என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரே நாளில் முடித்தவர்களுக்கு முதல் சில நாட்களில் வலி சற்றுக் கூடலாம். கூழ் முழுவதையும் எடுக்கத்தான் வேண்டுமா என்ற புதிய கேள்வியும் எழுந்துள்ளது. சில பற்களில் கெட்ட பகுதியை மட்டும் நீக்கி, மீதியைச் சிறப்புச் சிமெண்டால் மூடி உயிரோடு காக்கலாம். எல்லாப் பல்லுக்கும் இது பொருந்தாது.

"வேர் சிகிச்சை செய்த பல் உடலுக்கு விஷம்" என்ற பேச்சும் காதில் விழுகிறது. வாயிலுள்ள கிருமிகளே பல நோய்களுக்கு மூலம் என்று வில்லியம் ஹன்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1910இல் கனடாவில் பேசினார். அதன் பிறகு எண்ணற்றவர்களின் பற்கள் பிடுங்கப்பட்டன. நோய்களோ தீரவில்லை. பின்னர் வந்த ஆய்வுகளில் அந்தக் கொள்கை நிலைக்கவில்லை.

பிடுங்குவது தவறே அல்ல. வேர் நெடுக்காகப் பிளந்திருந்தால், தாங்கும் எலும்பு கரைந்திருந்தால், பிடுங்குவதே வழி. ஆனால் செலவை ஒப்பிடும்போது பிடுங்கும் கட்டணத்தை மட்டும் பார்க்கக் கூடாது. வெற்றிடத்தை விட்டால் பக்கத்துப் பற்கள் சாயலாம். நிரப்புவதென்றால் செயற்கைப் பல்லுக்கும் பணம் வேண்டும். அதேபோல் வேர் சிகிச்சைக்குப் பின் கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் உறை போட வேண்டும். அதை மிச்சப்படுத்தப் போய்ப் பல் உடைந்தால் எல்லாமே வீண்.

அடுத்த முறை நாற்காலியில் அமரும்முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் பல்லைக் காப்பாற்ற முடியுமா? எத்தனை முறை வர வேண்டும்? உறையோடு சேர்த்து மொத்தம் எவ்வளவு? ஊசி பிடிக்காவிட்டால் என்ன செய்வீர்கள்? முகம் வீங்கி, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்றால் கேள்வி எதுவும் வேண்டாம். நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். வலி தானாக நின்றுவிட்டாலும் நிம்மதி அடையாதீர்கள். கூழ் செத்திருக்கலாம், கிருமி அங்கேதான் இருக்கும்.