குறைந்த செலவில் கங்கா சாகர்

மிகவும் கடினமான முயற்சியைப் 'பகீரத முயற்சி' என்று சொல்வார்கள். பகீரதன் ஓர் அரசன். அவனுடைய முன்னோர் அறுபதாயிரம் பேர் கபில முனிவரின் கோபத்தால் சாம்பலானார்கள். அவர்கள் நற்கதி அடையவே பகீரதன் தவம் செய்தான். கங்கையைப் பூமிக்குக் கொண்டு வந்தான். இது புராணக் கதை.

அந்தக் கங்கை கடலில் கலக்கும் இடத்தில் ஒரு தீவு இருக்கிறது. அதன் பெயர் சாகர் தீவு. மக்கள் கங்கா சாகர் என்பார்கள். மேற்கு வங்காளத்தில், கொல்கத்தாவுக்குத் தெற்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. கபில முனிவருக்கு அங்கே ஒரு கோவில் உண்டு. நாம் பொங்கல் கொண்டாடும் நாளில் அங்கே பல லட்சம் பேர் கடலில் நீராடுகிறார்கள்.

'மற்றத் தீர்த்தங்களுக்குப் பல முறை, கங்கா சாகருக்கு ஒரே முறை' என்று வடநாட்டில் ஒரு பழமொழி உண்டு. அந்தக் காலத்தில் வழி அவ்வளவு கடினம். காடு, புலி, புயல், பெரிய ஆறு எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். போனவர் திரும்புவது நிச்சயம் இல்லை.

இன்று அப்படி இல்லை. ரயில், மெட்ரோ ரயில், லோக்கல் ரயில், படகு, பேருந்து என்று ஐந்து வண்டிகள் மாறினால் போய்ச் சேரலாம். ஏழைகளும் போகலாம். ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

பணம் எங்கே போகிறது?

ஒரு மகளிர் குழுவில் பத்துப் பெண்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் நாளுக்குப் பத்து ரூபாய் சேர்க்கிறார்கள். மாதம் 300 ரூபாய் ஆகிறது. ஓர் ஆண்டில் ஒருவருக்கு 3,600 ரூபாய் சேரும்.

சென்னையிலிருந்து ஹவுராவுக்கு ஸ்லீப்பர் வகுப்பில் ஒருவருக்குச் சுமார் 700 ரூபாய் ஆகும். போகவர 1,400 ரூபாய். மீதி 2,200 ரூபாய் இருக்கிறது. சிக்கனமாக இருந்தால் சாப்பாடு, தங்கும் இடம், உள்ளூர்ப் பயணம் எல்லாவற்றையும் இதில் முடிக்கலாம்.

பிறகு ஏன் பலர் கடன்பட்டுத் திரும்புகிறார்கள்? ரயிலிலும் படகிலும் எல்லோருக்கும் ஒரே கட்டணம். அங்கே யாரும் ஏமாற வழியில்லை. ஒரு வண்டியில் இறங்கி அடுத்த வண்டியைத் தேடும்போதுதான் பணம் போகிறது. "அங்கே பஸ் கிடையாது, என் வண்டியில் வாருங்கள்" என்று ஒருவர் சொல்வார். "அறை எல்லாம் நிரம்பிவிட்டது, நான் காட்டும் இடத்துக்கு வாருங்கள்" என்று இன்னொருவர் சொல்வார். அடுத்த வண்டி எது என்று தெரியாதவர்தான் இவர்களிடம் மாட்டிக்கொள்கிறார். தெரிந்தவர் நேராக நடந்து போகிறார்.

டிக்கெட்டைப் படியுங்கள்

சென்னையிலிருந்து ஹவுரா சுமார் 1,660 கிலோமீட்டர். ஹவுரா மெயில் தினமும் போகிறது. பயண நேரம் 27, 28 மணி. ஆந்திராவும் ஒடிசாவும் வழியில் வரும். கிருஷ்ணா, கோதாவரி, மகாநதி என்று மூன்று பெரிய ஆறுகளை ரயில் கடக்கும். கோரமண்டல் எக்ஸ்பிரசும் உண்டு. ஆனால் அது 2022 முதல் ஹவுராவுக்குப் போவதில்லை. பக்கத்தில் உள்ள ஷாலிமார் நிலையத்துக்குப் போகிறது. டிக்கெட்டில் ஊர்ப் பெயரைப் பாருங்கள்.

பயண நாளுக்கு 60 நாள் முன்பே முன்பதிவு தொடங்கிவிடும். டிக்கெட் கையில் வந்ததும் கவுண்டர் பக்கத்திலேயே நின்று நான்கு விஷயங்களைப் படியுங்கள்.

முதலாவது, தேதி. ரயில்வேயில் நாள் நள்ளிரவு 12 மணிக்கு மாறுகிறது. 15ஆம் தேதி 00:10 என்று இருந்தால், 14ஆம் தேதி இரவே நிலையத்தில் இருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் ரயிலை விட்டவர்கள் பலர்.

இரண்டாவது, நேரம். ரயில்வே நேரம் 24 மணிக் கணக்கு. 12க்கு மேல் இருந்தால் 12ஐக் கழியுங்கள். 19:00 என்றால் மாலை 7 மணி.

மூன்றாவது, பெட்டி எண்ணும் படுக்கை எண்ணும்.

நான்காவது, இடம் உறுதியா என்பது. சி.என்.எஃப். என்றால் படுக்கை உறுதி. ஆர்.ஏ.சி. என்றால் உட்கார இடம் உண்டு, படுக்கை நிச்சயம் இல்லை. டபிள்யூ.எல். என்றால் காத்திருப்புப் பட்டியல். கடைசி வரை அப்படியே இருந்தால் ஸ்லீப்பர் பெட்டியில் ஏறக் கூடாது. ஏறினால் அபராதம் கட்ட நேரும்.

ரயிலில் விற்கும் தண்ணீர் பாட்டிலில் விலை அச்சிட்டிருக்கும். அதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். ரயிலில் ஏதாவது தொல்லை என்றால் 139 என்ற எண்ணுக்குப் பேசலாம்.

அங்கே எட்டு என்றால் நான்கு

ஹவுரா நிலையம் கங்கையின் மேற்குக் கரையில் இருக்கிறது. இங்கே கங்கைக்கு ஹூக்ளி என்று பெயர். எதிர்க் கரையில் கொல்கத்தா நகரம். இடையில் 1943இல் திறந்த ஹவுரா பாலம். இந்தப் பாலத்தில் நடந்து போகக் காசு வேண்டாம்.

ரயில் இரவு நேரத்தில் ஹவுராவுக்கு வந்தால் வெளியே போக வேண்டாம். காத்திருப்புக் கூடத்திலேயே விடியும் வரை இருங்கள். பிறகு மெட்ரோ ரயிலுக்குப் போங்கள். ஹவுரா நிலையத்துக்கு அடியிலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. 2024 மார்ச்சில் இது திறக்கப்பட்டது. இந்த ரயில் ஆற்றுக்கு அடியில் தோண்டிய சுரங்கத்தில் போகிறது. இந்தியாவில் ஆற்றுக்கு அடியில் மெட்ரோ ரயில் போனது இங்கேதான் முதலில். 2025 ஆகஸ்டு முதல் இதே ரயில் சியால்டா நிலையம் வரை போகிறது. சாகர் தீவுக்குப் போகும் லோக்கல் ரயில் சியால்டாவில்தான் புறப்படும். முன்பு பயணிகள் மூட்டையோடு பேருந்தில் நெரிசலில் போனார்கள். இப்போது கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். டிக்கெட்டை மட்டும் வெளியே வரும் வரை பத்திரமாக வைத்திருங்கள்.

கொல்கத்தாவில் பெயர்ப் பலகைகள் வங்காளத்திலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். தமிழ் இருக்காது. பல பேருந்துகளில் எண்ணைக்கூட வங்காள எழுத்தில் எழுதுவார்கள். அங்கே நம் 8 போலவே ஒரு எண் இருக்கும். அது எட்டு அல்ல, நான்கு. 9 போலத் தெரியும் எண் ஒன்பது அல்ல, ஏழு. நம் ஊரில் பட்டம் படித்தவரும் அந்தப் பலகைக்கு முன்னால் எழுத்தறியாதவர்தான்.

அதனால் கூச்சப்பட வேண்டாம். எழுத்துத் தெரியாத காலத்தில் நீங்கள் எப்படிப் பயணம் செய்தீர்கள்? இரண்டு பேரிடம் கேட்டீர்கள். இருவரும் ஒன்றே சொன்னால் ஏறினீர்கள். அந்த வழக்கம் இங்கே கைகொடுக்கும். இப்போது எழுத்தும் உங்களிடம் இருக்கிறது. புறப்படும் முன் ஒரு சிறு நோட்டில் ஊர்ப் பெயர்களைத் தமிழில் எழுதுங்கள். ஹவுரா, சியால்டா, காக்தீப், கச்சுபேரியா, கங்கா சாகர் என்று வரிசையாக எழுதுங்கள். பக்கத்தில் ஆங்கிலத்தில் யாரையாவது எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தைக் காட்டினால் யாரும் வழி சொல்வார்கள்.

சில வங்காளச் சொற்களையும் எழுதிக்கொள்ளுங்கள். 'கத்தோ' என்றால் எவ்வளவு. 'கொத்தாய்' என்றால் எங்கே. 'ஜல்' என்றால் தண்ணீர். 'நிராமிஷ்' என்றால் சைவச் சாப்பாடு.

கொல்கத்தாவில் ஒரு நாள்

இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் 1984இல் கொல்கத்தாவில்தான் ஓடத் தொடங்கியது. அந்தப் பழைய பாதையில் காளிகாட் நிலையம் இருக்கிறது. காளி கோவில் அங்கிருந்து நடக்கும் தூரம். அதே பாதையின் வடக்குக் கடைசியில் தட்சிணேசுவரம். ராணி ராஸ்மணி 1855இல் கட்டிய காளி கோவில் அங்கே இருக்கிறது. இராமகிருஷ்ணர் பூசை செய்த கோவில் அது. அங்கிருந்து படகில் ஏறினால் பேலூர் மடம். ஒரு மெட்ரோ பாதை, ஒரு படகு, இரண்டு கோவில், ஒரு மடம். வாடகைக் கார் வேண்டியதில்லை.

சென்னையில் 1953 வரை டிராம் ஓடியது. பிறகு நிறுத்திவிட்டார்கள். கொல்கத்தாவில் 1873இல் குதிரை இழுத்த டிராம் வந்தது. 1902இல் மின்சார டிராம் ஆனது. இந்தியாவில் மற்ற நகரங்கள் டிராமைக் கைவிட்ட பிறகும் கொல்கத்தா கைவிடவில்லை. ஆனால் 2024இல் மாநில அரசு ஒரு சிறு பாதையை மட்டும் வைத்துக்கொள்ளப்போவதாக அறிவித்தது. டிராம் ஓடினால் ஏறிப் பாருங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். சோறும் பருப்பும் எங்கும் கிடைக்கும். அங்கே பொரிக்கு முரி என்று பெயர். வெங்காயம், மிளகாய், கடுகெண்ணெய் சேர்த்துத் தருவார்கள். தமிழ்நாட்டில் 2013இல் அம்மா உணவகம் வந்தது அல்லவா? அதைப் போல 2021இல் அங்கே 'மா' என்ற பெயரில் 5 ரூபாய்ச் சாப்பாடு தொடங்கினார்கள். லேக் மார்க்கெட் பகுதியில் தென்னிந்தியர் பலர் வாழ்கிறார்கள். இட்லி, தோசை அங்கே கிடைக்கும்.

ஆற்றுக்கும் ஒரு நேரம் உண்டு

சியால்டாவில் தெற்குப் பகுதி நடைமேடைக்குப் போய் நாம்கானா போகும் லோக்கல் ரயிலில் ஏறுங்கள். காக்தீப்பில் இறங்க வேண்டும். ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். கட்டணம் 30 ரூபாய்க்குள்தான். பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டு. காக்தீப்பிலிருந்து படகுத் துறைக்குப் பங்கு வண்டிகள் போகும். அந்தத் துறைக்கு 'லாட் எட்டு' என்று பெயர்.

இங்கே ஆற்றின் பெயர் மூரிகங்கா. படகில் கடக்க முக்கால் மணி நேரம் ஆகும். அக்கரை கச்சுபேரியா. அதுதான் சாகர் தீவு. அங்கிருந்து 30 கிலோமீட்டர் பேருந்தில் போனால் கோவிலும் கடலும்.

இந்த வழியில் பலரை ஏமாற்றுவது மனிதர் அல்ல, ஆறு. கடல் பக்கத்தில் இருப்பதால் ஆற்றில் நாளுக்கு இரண்டு முறை தண்ணீர் ஏறும். இரண்டு முறை இறங்கும். ஏறுவதை ஓதம் அல்லது ஏற்றம் என்பார்கள். இறங்குவது வற்று. கங்கை கொண்டுவரும் வண்டல் இந்த ஆற்றில் படிந்துகிடக்கிறது. தண்ணீர் இறங்கிவிட்டால் படகு தரைதட்டும். அதனால் சில மணி நேரம் படகை நிறுத்திவிடுவார்கள்.

இந்த நேரம் தினமும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப் போகும். சந்திரன் தினமும் தாமதமாக உதிப்பதுதான் காரணம். நேற்று பத்து மணிக்குப் படகு இருந்தது என்றால் இன்றும் இருக்கும் என்று நினைக்கக் கூடாது. மாலையில் போய் மாட்டிக்கொண்டவர் இரவு அறைக்கு வேறு காசு கொடுக்க வேண்டும். எனவே விடியற்காலை ரயிலில் புறப்படுங்கள். படகுத் துறைக்குப் போனதும் திரும்பி வரும் படகு நேரத்தையும் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

தீவில் தரும சாலைகளும் பாரத சேவாசிரம சங்கத்தின் ஆசிரமமும் இருக்கின்றன. எவ்வளவு தர வேண்டும் என்று முதலில் கேட்டுவிட்டுத் தங்குங்கள். பூசைக்கும் அப்படியே. தொகையைப் பேசிவிட்டுத்தான் தட்டில் கை வைக்க வேண்டும்.

கூட்டத்தில் தொலையாமல் இருக்க

பொங்கல் நாளில் கூட்டம் மிக அதிகம். ஒவ்வொரு ஆண்டும் வயதானவர்கள் தொலைந்துபோகிறார்கள். மொழி தெரியாது. ஊர்ப் பெயரைச் சொன்னாலும் அங்கே யாருக்கும் புரியாது. அவர்களை ஊர் சேர்க்க ஹாம் ரேடியோ தொண்டர்கள் பல மாநிலங்களுக்குச் செய்தி அனுப்பித் தேடுகிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. ஒரு சீட்டில் பெயர், ஊர், மாவட்டம், வீட்டில் இருப்பவரின் செல்பேசி எண் எழுதுங்கள். ஆங்கிலத்திலும் எழுதி வாங்குங்கள். அதை உள்பையில் வைத்துத் தைத்துவிடுங்கள். செல்பேசி தொலையலாம், தைத்த சீட்டு தொலையாது. அவசரத்துக்கு 112 என்ற எண்ணை எல்லோரும் மனப்பாடம் செய்யுங்கள்.

கூட்டம் வேண்டாம் என்றால் நவம்பர் கடைசியிலோ பிப்ரவரியிலோ போகலாம். கடலும் கோவிலும் அங்கேதான் இருக்கும். மே மாதம் வேண்டாம். 2020இல் ஆம்பன், 2021இல் யாஸ், 2024இல் ரெமால் என்று மூன்று புயல்களும் மே மாதத்தில்தான் அந்தப் பகுதியைத் தாக்கின. பழைய கபிலர் கோவில்களைக் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது இருப்பது பிறகு கட்டியது.

அங்கிருந்து இங்கே

சாகர் தீவில் 2011 கணக்கெடுப்பின்படி இரண்டு லட்சம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். நெல், வெற்றிலைக் கொடிக்கால், மீன்பிடிப்பு இவைதான் தொழில். உப்புத் தண்ணீர் வயலில் புகுந்தால் விளைச்சல் இல்லை. அதனால் அந்தப் பக்கத் தீவுகளிலிருந்து பலர் கட்டட வேலைக்குத் தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் வருகிறார்கள். அதே படகு, அதே லோக்கல் ரயில், அதே ஹவுரா. அவர்களுக்கு நம் ஊர்ப் பேருந்துப் பலகையைப் படிக்கத் தெரியாது. அடுத்த வண்டி எது என்றும் தெரியாது.

அவர்களில் ஒருவர் உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் கையில் ஒரு சீட்டோடு நிற்கலாம். நின்று, அதை வாங்கிப் படியுங்கள். அவர் ஏற வேண்டிய பேருந்தைக் காட்டுங்கள்.