ஒரு பாலத்தை இடித்தால் இன்னொரு பாலம் சாயுமா?

கட்டும்போது எவ்வளவு பாடோ, இடிக்கும்போதும் அவ்வளவு பாடு வைக்கும் கட்டுமானம் எது தெரியுமா? கருங்கல் வளைவுப் பாலம்!

வளைவின் கற்கள் கீழ்நோக்கி அழுத்துவதோடு பக்கவாட்டிலும் ஓயாமல் உதைக்கின்றன. நடுத்தூணை இந்தப் பக்க வளைவு அங்கே தள்ள, அந்தப் பக்க வளைவு இங்கே தள்ள, சரிக்குச் சரியாகிவிடுகிறது. தூண்கள் ஒல்லியாக இருந்தும் நிற்பது அதனால்தான். ஒரே ஒரு வளைவை மட்டும் எடுத்தால்? பக்கத்து வளைவின் உதைப்புக்கு எதிர் உதைப்பு இல்லை. தூண் சாயும், அடுத்த வளைவு விழும், அப்புறம் சீட்டுக்கட்டு சரிகிற கதைதான்!

அதனால் இடிக்க வருபவர்கள் முதலில் கட்டுகிறார்கள். கட்டும்போது இருந்ததுபோலவே, வளைவுகளைத் தாங்க அடியில் மறுபடி சாரம் ஏறுகிறது. மேலே நிரப்பிய மண்ணையும் இருபுறமும் சமமாகத்தான் அள்ள வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அள்ளினால் பாரம் உள்ள பக்கம் அமுங்கும், பாரம் போன பக்கம் எழும்பும், கல் இடுக்குகள் வாய் பிளக்கும்.

லண்டன் கதை இன்னும் வியப்பு! 1209-இல் முடிந்த பழைய லண்டன் பாலத்துக்கு 19 குறுகிய வளைவுகள். தேம்ஸ் நதியை அது ஓர் அணைபோலவே மறித்தது. மேல்புறம் தண்ணீர் தேங்கியதால் கடும் குளிர்காலங்களில் ஆறு உறைந்து, பனிக்கட்டி மேல் திருவிழாவே நடந்திருக்கிறது! பொறியாளர் ஜான் ரென்னி வரைந்த புதிய பாலம் 1831-இல் திறந்ததும் பழையதை இடித்தார்கள். தடை நீங்கிய ஆறு வேகமெடுத்தது. மேல்புறத்தில் இருந்த வாட்டர்லூ பாலத்தின் அடிமண்ணை அரிக்கத் தொடங்கியது.

1817-இல் திறந்த அந்தப் பாலத்தைக் கட்டியவர் யார் தெரியுமா? அதே ரென்னி! தலா 120 அடி அகலத்தில் ஒன்பது வளைவுகள். தன் ஒரு பாலம் வர, தன் இன்னொரு பாலத்தின் அடித்தளம் கரைந்ததை அவர் பார்க்கவில்லை, 1821-இலேயே இறந்துவிட்டார். 1924-இல் தூண் இறங்கியதால் போக்குவரத்தை நிறுத்தினார்கள். 1934-இல் இடிப்பு தொடங்கியது.

இடித்த கற்கள் எங்கே? சில ஆஸ்திரேலியாவின் கான்பெராவில். சில நியூசிலாந்தின் வெலிங்டனில், துறைமுகத்தில் எல்லோருக்கும் செல்லமாக இருந்த பேடி என்ற நாயின் நினைவுக் குடிநீர்த் தொட்டியில்!

ரென்னியின் லண்டன் பாலமோ 1968-இல் விலைபோனது. கற்களுக்கு எண் போட்டுப் பிரித்து அமெரிக்காவின் அரிசோனாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே உலர்ந்த தரையில் பாலத்தை நிறுத்திவிட்டு, அப்புறம்தான் அடியில் கால்வாய் வெட்டித் தண்ணீர் விட்டார்கள்!