ஆய்வுக் கட்டுரையை இதழுக்கு அனுப்பும் முன்...

குளச்சல் போரைப் பற்றி 20 பக்கத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரை டைப் செய்துவிட்டீர்கள். இதழுக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. கொஞ்சம் பொறுங்கள். விஷயம் நன்றாக இருந்தும், பைல் சரியில்லை என்பதற்காகப் படிக்கப்படாமலே திரும்பி வரும் கட்டுரைகள் உண்டு.

முதலில் அந்த இதழின் 'கட்டுரையாளர்களுக்கான விதிமுறைகள்' பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து மானிட்டர் பக்கத்தில் ஒட்டிக் கொள்ளுங்கள். சொற்களின் எண்ணிக்கை, வரி இடைவெளி எல்லாம் அதில் இருக்கும். டபுள் ஸ்பேஸ் கேட்டால் கண்ட்ரோல்+ஏ, பிறகு கண்ட்ரோல்+2. அவ்வளவுதான்.

தமிழில் எழுதுபவர்களுக்குப் பெரிய தலைவலி பாண்ட். பழைய கட்டுரையைப் பாமினி போன்ற பாண்டில் டைப் செய்திருந்தால், அந்த பாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். தமிழக அரசே 2010ல் யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. இதற்கான கன்வெர்ட்டர்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் முழுக் கட்டுரையையும் ஒரே மூச்சில் அதில் கொட்டாதீர்கள். நாகம் ஐயாவின் 1906ம் ஆண்டு திருவிதாங்கூர் ஸ்டேட் மேனுவலை ஆங்கிலத்தில் மேற்கோள் காட்டியிருப்பீர்கள். கன்வெர்ட்டர் அதையும் 'தமிழாக்கி' உளற வைத்துவிடும். தமிழ்ப் பத்திகளை மட்டும் மாற்றுங்கள்.

அடுத்தது பெயர்கள். 1741ல் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் சிக்கிய டச்சுத் தளபதியை ஒரு பக்கத்தில் டிலனாய், இன்னொரு பக்கத்தில் டி லனாய், மூன்றாவதில் டெலனாய் என்று எழுதியிருந்தால், படிப்பவர் மூன்று பேர் என்று நினைத்துக் கொள்வார்! ஊரும் அப்படித்தான்: குளச்சல், கொளச்சல். ஒன்றை முடிவு செய்து கண்ட்ரோல்+எச் அழுத்துங்கள். இங்கே தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. 'கொளச்சல்' என்று தேடினால் 'கொளச்சலில்', 'கொளச்சலுக்கு' எல்லாம் சிக்காது. கடைசி எழுத்தை விட்டுவிட்டு 'கொளச்ச' என்று தேடி 'குளச்ச' என்று மாற்றுங்கள். 'ரீப்ளேஸ் ஆல்' பட்டனை மட்டும் தொடாதீர்கள். 'லனாய்' என்பதை 'டி லனாய்' ஆக்கப் போய் 'டி டி லனாய்' வந்து நிற்கும். பிறர் நூலிலிருந்து எடுத்த மேற்கோளுக்குள் இருக்கும் எழுத்துக்கூட்டலையும் மாற்றக் கூடாது.

அடிக்குறிப்பு எண்ணைக் கையால் டைப் செய்யாதீர்கள். நடுவில் ஒன்று சேர்த்தால் மற்ற எல்லாவற்றையும் திருத்த வேண்டிவரும். கண்ட்ரோல்+ஆல்ட்+எப் அழுத்தினால் வேர்டே எண் போட்டுக் கொள்ளும். போர் நடந்த தேதியைச் சில நூல்கள் ஜூலை 31 என்றும், சில ஆகஸ்ட் 10 என்றும் சொல்கின்றன. எதை ஏற்கிறீர்கள், எந்த நூலிலிருந்து என்பதை அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள். சிகாகோ, எம்.எல்.ஏ. என்று மேற்கோள் முறைகள் பல உண்டு. (எம்.எல்.ஏ. என்றதும் சட்டசபையை நினைக்க வேண்டாம், இது அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கத்தின் முறை.) இதழ் கேட்பதைக் கொடுங்கள்.

உதயகிரிக் கோட்டையில் உள்ள டி லனாய் கல்லறையைப் படம் பிடித்திருந்தால் அதை வேர்டில் ஒட்டியதோடு விட்டுவிடாதீர்கள். சேமிக்கும்போது வேர்ட் படத்தைச் சுருக்கிவிடக் கூடும். கேமராவிலிருந்து வந்த ஒரிஜினல் பைலைத் தனியாக அனுப்புங்கள்.

பல இதழ்களில் எழுதியவர் யார் என்று தெரியாமல்தான் மதிப்பீடு நடக்கும். கட்டுரைக்குள் பெயரை நீக்கினால் போதாது. பைல் மெனுவில் இன்போ சென்று 'இன்ஸ்பெக்ட் டாகுமெண்ட்' ஓட்டினால் பைலுக்குள் ஒளிந்திருக்கும் உங்கள் பெயரும் போய்விடும். அதற்கு முன் ஒரு காப்பி எடுத்து வையுங்கள்.

'மூன்றே நாளில் வெளியிடுகிறோம், பணம் கட்டுங்கள்' என்று மெயில் வந்தால் நம்பாதீர்கள். ஐ.எஸ்.எஸ்.என். என்பது வெறும் 8 இலக்க அடையாள எண்; தரச் சான்று அல்ல. யு.ஜி.சி. நடத்தி வந்த கேர் பட்டியலும் 2025ல் கைவிடப்பட்டுவிட்டது. எனவே அந்த இதழின் இரண்டு பழைய இதழ்களையாவது படித்துப் பாருங்கள். ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் பணிபுரியும் பல்கலைக்கழகத்தின் தளத்திலும் அவர்கள் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக் கூடாது என்பதால், தவறான இடத்தில் கொடுத்துவிட்டால் வேறு இடத்துக்கு அனுப்புவதும் சிக்கலாகிவிடும்.