பத்துக் கிலோ ஹெலிகாப்டர்

கடையில் வாங்கிய கிட் அல்ல. வரைபடத்தில் தொடங்கிக் கடைசி ரிவெட் வரை சொந்தக் கைவேலை. பெரிய ரேடியோ கன்ட்ரோல் ஹெலிகாப்டர் கட்டுவது பணத்தையும் பொறுமையையும் தின்னும் பொழுதுபோக்குதான். ஆனால் யாரும் உள்ளே உட்காராமலே ஹெலிகாப்டரைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி இல்லை.

2021 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் கிராமத்து இளைஞர் ஒருவர், தானே பற்றவைத்து உருவாக்கிய ஒற்றை இருக்கை ஹெலிகாப்டரைச் சோதித்துப் பார்த்தார். அது தரையில்தான் இருந்தது. வேகம் கூடியபோது வால் விசிறியின் பிளேடு உடைந்து, மேலே சுழன்றுகொண்டிருந்த பெரிய ரோட்டரில் மோதியது. ரோட்டர் அவர் தலையைத் தாக்கியது. ஊரே பெருமையோடு எதிர்பார்த்த முயற்சி உயிர்ப்பலியில் முடிந்தது.

கார் எஞ்சினையும் இரும்புக் குழாயையும் வைத்து விமானமோ ஹெலிகாப்டரோ செய்யும் கிராமத்துக் கைவினைஞர்களைப் பற்றி அவ்வப்போது செய்தி வருகிறது. பாராட்டுகிறோம், படம் எடுத்துப் போடுகிறோம். உள்ளே உட்காருவதற்கு முன் இதே வடிவமைப்பைச் சிறிய அளவில் செய்து ஆளில்லாமல் பறக்கவிட்டுப் பார்த்தார்களா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஹெலிகாப்டரின் வரலாற்றைப் புரட்டினால் இது எவ்வளவு அடிப்படையான கேள்வி என்பது விளங்கும்.

குதிரை லாயத்தில் பிறந்த யந்திரம்

அமெரிக்கரான ஆர்தர் யங் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவர். 1928இல் ஹெலிகாப்டரை நிலையாகப் பறக்க வைப்பது எப்படி என்ற ஒற்றைக் கேள்வியைக் கையில் எடுத்தார். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் பென்சில்வேனியாவின் பண்ணைகளில், லாயத்தையே பட்டறையாக்கிக்கொண்டு, மாடல்களாகக் கட்டித் தள்ளினார். எல்லாம் சொந்தக் கையால் செய்தவை. பெரும்பாலானவை பறக்க ஆரம்பித்ததும் தலைகுப்புற விழுந்தன. விழுந்தால் நஷ்டம் சில பிளேடுகளும் ஒரு வார வேலையும்தான். உடைந்ததைப் பார்த்து அடுத்ததைத் திருத்தினார்.

கடைசியில் விடை கிடைத்தது. ரோட்டர் பிளேடுகளுக்குச் செங்குத்தாக, இரு முனையிலும் எடை கட்டிய கம்பி ஒன்றை அச்சில் பொருத்தினார். உடல் ஆடினாலும் சுழலும் கம்பி தன் தளத்தை விடாது. பிளேடுகள் அந்தக் கம்பியின் பேச்சைக் கேட்கும்படி இணைத்தபோது மாடல் ஒரே இடத்தில் அசையாமல் நின்றது. 1941இல் மின் மோட்டாரில் இயங்கிய அந்த மாடலை பஃபலோ நகரிலிருந்த பெல் விமானக் கம்பெனிக்குக் கொண்டுபோய், ஒயர் வழியாகக் கட்டுப்படுத்திப் பறக்கவிட்டுக் காட்டினார். கம்பெனி அவரையே அழைத்துக்கொண்டது. அதன் தொடர்ச்சியாக வந்த பெல் 47 ஹெலிகாப்டர் 1946 மார்ச் 8 அன்று அமெரிக்காவில் பொது உபயோகத்துக்கான சான்றிதழ் பெற்றது. அந்தச் சான்றிதழைப் பெற்ற முதல் ஹெலிகாப்டர் அதுதான்.

அதாவது, மாடல் முதலில் வந்தது. மனிதன் ஏறும் யந்திரம் அதற்குப் பிறகுதான் வந்தது.

ரேடியோ மூலம் இயக்கும் மாடல் ஹெலிகாப்டருக்கு இன்னும் கால் நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. விமான மாடல்கள் சர்வசாதாரணமாகப் பறந்துகொண்டிருந்த 1960களில்கூட ஹெலிகாப்டர் மாடல் கைக்கு அடங்கவில்லை. ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர்தான் அதைச் சாதித்தவர்களில் முன்னோடி. 1970களின் தொடக்கத்தில் அவருடைய ஹியூயி கோப்ரா மாடல் கிட்டாக விற்பனைக்கு வந்த பிறகே இது உலகம் முழுதும் பரவிய பொழுதுபோக்கானது.

ஆறில் ஒரு பங்கு

கிட் வாங்கிப் பூட்டுவது ஒரு ரகம். வரைபடத்திலிருந்து தொடங்குவது வேறு ரகம். இந்தியாவில் ஒருவர் இப்படிக் கட்ட நினைத்தால் இயல்பாகத் தேர்ந்தெடுக்கக்கூடியது சேத்தக். பிரெஞ்சு அலூயெட் 3 ஹெலிகாப்டரை உரிமம் பெற்று 1960களிலிருந்து பெங்களூரில் ஹெச்.ஏ.எல். தயாரித்தது. வெள்ளத்தில் சிக்கியவர்களைக் கயிற்றில் தூக்கிய காட்சி மூலமாக இதன் உருவம் பல தலைமுறைகளுக்குப் பரிச்சயம்.

சேத்தக்கின் ரோட்டர் விட்டம் 11.02 மீட்டர். ஆறில் ஒரு பங்கு அளவில் கட்டினால் மாடலின் ரோட்டர் சுமார் 1.84 மீட்டர், அதாவது ஒரு மனிதனின் உயரத்துக்கு மேல். எடைக் கணக்கு வேறு மாதிரி. நீளம் ஆறில் ஒன்றானால் பரப்பு 36இல் ஒன்று, கன அளவு 216இல் ஒன்று. அசல் சேத்தக் அதிகபட்சம் 2,200 கிலோவோடு எழும்பும். அதை 216ஆல் வகுத்தால் சுமார் 10 கிலோ. கட்டுபவரின் இலக்கு இதுதான்.

இந்தப் பத்துக் கிலோவுக்குள் எல்லாம் அடங்க வேண்டும். முதலில் உடல். நுரைப் பலகையிலோ மரத்திலோ செதுக்கி, மக்குப் பூசித் தேய்த்து, அதன்மேல் அச்சு எடுத்து, அச்சுக்குள் ஃபைபர் கிளாஸ் துணியையும் ரெசினையும் படியவைத்து இரண்டு பாதிகளாக உடலை வார்க்கிறார்கள். உள்ளே மெல்லிய ஒட்டுப்பலகையில் சட்டங்கள். ஒரு சுற்று ரெசின் கூடுதலாகப் பூசினால் அரைக் கிலோ ஏறிவிடும். வால் பகுதியில் எடை கூடினால் அதைச் சமன் செய்ய மூக்கில் ஈயம் கட்ட வேண்டியிருக்கும். பழகிய கைகள் ஒவ்வொரு பாகத்தையும் தராசில் வைத்துக் குறித்துக்கொண்டே போவது இதனால்தான்.

அடுத்தது சக்தி. மெத்தனால் எரிபொருள் எஞ்சின், பெட்ரோல் எஞ்சின், பாட்டரியும் மின் மோட்டாரும் என்று மூன்று வழி உண்டு. வசதி படைத்தவர்கள் குட்டி டர்பைன் பொருத்துகிறார்கள். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளைத் தாண்டும் இந்த டர்பைன்களும் வீட்டுப் பட்டறையின் குழந்தைகளே. ஜெர்மனியின் குர்ட் ஷ்ரெக்லிங் 1990களின் தொடக்கத்தில் தன் டர்பைனின் காற்றழுத்தச் சக்கரத்தை ஒட்டுப்பலகையில் செதுக்கி, கார்பன் இழை சுற்றி ஓடவிட்டுக் காட்டினார்.

சேத்தக் இதில் ஒரு வம்பும் வைக்கிறது. அசலில் டர்பைன் எஞ்சின் மூடியின்றி ரோட்டருக்குப் பின்னால் வெட்டவெளியில் இருக்கும். மாடலின் உண்மையான எஞ்சினோ மோட்டாரோ உடலுக்குள் மறைந்திருக்க, மேலே பொய் டர்பைன் ஒன்றைத் தத்ரூபமாகச் செய்து உட்காரவைக்க வேண்டும். சியாச்சினுக்குச் சாமான் சுமந்த சீட்டாவைக் கட்டுபவர் பாடு இன்னும் கஷ்டம். அதன் வால் வெறும் குழாய்ப் பின்னல். எதையும் மறைக்க இடமில்லை.

தட்டு செய்யும் மாயம்

உடல் அழகுக்கு; உயிர் இருப்பது ரோட்டரின் மையத்தில். விமானத்தின் இறக்கை நிலையானது. ஹெலிகாப்டரின் இறக்கையோ சுழன்றுகொண்டே ஒவ்வொரு சுற்றிலும் தன் கோணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். இதைச் செய்வது ஸ்வாஷ் பிளேட் என்ற இரட்டைத் தட்டு. கீழ்த் தட்டு சுழலாது. அதை சர்வோ மோட்டார்கள் ஏற்றி இறக்கும், சாய்க்கும். மேல் தட்டு ரோட்டரோடு சுழலும். கம்பிகள் அதிலிருந்து பிளேடுகளுக்குப் போகும். தட்டு முழுதாக உயர்ந்தால் எல்லா பிளேடுகளின் கோணமும் கூடி ஹெலிகாப்டர் எழும்பும். சாய்ந்தால் பிளேடு ஒரு பக்கம் வரும்போது கோணம் கூடும், எதிர்ப்பக்கம் குறையும்.

புதியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். முன்னால் சாய வேண்டுமானால் பின்பக்கத்தில் தூக்குவிசையைக் கூட்ட வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் சுழலும் பொருளைத் தள்ளினால் அது தள்ளிய இடத்தில் சாயாது; சுழலும் திசையில் கால் வட்டம் தள்ளித்தான் சாயும். சுழலும் சைக்கிள் சக்கரத்தின் அச்சை இரு கைகளிலும் பிடித்துத் திருப்பிப் பார்த்தால் இது புரியும். எனவே கோணத்தைக் கால் வட்டத்துக்கு முன்பே கூட்டிவிட வேண்டும். கம்பிகளைத் தவறாக இணைத்த மாடல், முன்னே போ என்றால் பக்கவாட்டில் பாயும். புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தும் பிடிபடாத இந்த விஷயம், ஒரு மாடலைக் கட்டினால் ஒரே மாலையில் பிடிபட்டுவிடும்.

யங்கின் கம்பியும், ஹில்லர் என்பவரின் துடுப்பு முறையும் கலந்த அமைப்பே பல ஆண்டுகள் மாடல்களை நிலையாக வைத்திருந்தது. இன்று அதன் வேலையை விரல் நகம் அளவுள்ள மின்னணு உணர்கருவிகள் செய்கின்றன. ரேடியோவும் மாறிவிட்டது. முன்பு மைதானத்தில் இருவர் ஒரே அலைவரிசையில் சாதனத்தைப் போட்டால் ஒரு மாடல் நொறுங்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் முறை வந்த பிறகு அந்தச் சண்டை ஓய்ந்தது.

160 கிலோ இழுவிசை

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதைப் பொம்மை என்று சொல்ல நாக்கு எழாது. 1.84 மீட்டர் ரோட்டர் நிமிடத்துக்கு 1,200 சுற்று சுற்றினால் பிளேடு முனையின் வேகம் மணிக்கு 415 கிலோமீட்டரைத் தொடும். 200 கிராம் எடையுள்ள ஒரு பிளேடின் எடைமையம் அச்சிலிருந்து அரை மீட்டர் தள்ளி இருந்தால், அந்தப் பிளேடு தன்னைப் பிடித்திருக்கும் போல்ட்டைச் சுமார் 160 கிலோ விசையோடு இழுக்கும். இரண்டு பெரிய ஆட்கள் ஒரு போல்ட்டில் தொங்குவது போல. அந்த இடத்தில் ஹார்டுவேர் கடை போல்ட்டைப் போடுவது தற்கொலைக்குச் சமம். பிளேடு பிடி, அச்சு, வால் விசிறி ஆகிய மூன்றிலும் தரம் தெரிந்த எஃகையும் சோதித்துப் பார்த்த பிளேடுகளையும் மட்டுமே போடுகிறார்கள் விவரமறிந்தவர்கள். சொந்தக் கைவேலை என்ற பிடிவாதம் அங்கே செல்லாது.

மாடல் என்பதால் ஆபத்து இல்லாமல் போய்விடாது. 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலுள்ள ஒரு பூங்காவில், தன் மாடல் ஹெலிகாப்டரே தலையில் மோதி ஓர் இளைஞர் இறந்தார். அதனால்தான் பழக்கப்பட்டவர்களிடம் ஒரு வரிசைமுறை உண்டு. முதலில் கணினி சிமுலேட்டர். பிறகு சிறிய பயிற்சி மாடல். பெரிய மாடலின் யந்திர பாகத்தை உடலின்றித் தனியாகப் பல மணி நேரம் ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு நட்டையும் மறுபடி முடுக்கிய பிறகே அதற்கு உடல் பூட்டுவது. சுழலும் ரோட்டருக்கும் மனிதருக்கும் இடையில் எப்போதும் தாராளமான தூரம். வேடிக்கை பார்க்கும் குழந்தைகள் ஓட்டுபவருக்குப் பின்னால்.

சட்டம் தந்த இடம்

2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் இந்தப் பொழுதுபோக்கைக் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கின்றன. கல்வி, ஆராய்ச்சி, வடிவமைப்பு, சோதனை, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்காக மட்டும், கண்ணுக்கெட்டும் தூரத்துக்குள் பறக்கும், 25 கிலோவுக்கு மிகாத சாதனத்தை அவை 'மாடல்' என்று தனியாக வகைப்படுத்தி, வகைச் சான்றிதழ் பெறுவதிலிருந்து விலக்குத் தருகின்றன. பத்துக் கிலோ சேத்தக் இதற்குள் தாராளமாக அடங்கும். எங்கே பறக்கலாம் என்பதை விதிகள் பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களாகப் பிரிக்கின்றன. பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை முன் அனுமதி தேவையில்லை. விமான நிலையங்களைச் சுற்றிக் கட்டுப்பாடு கடுமை. 2022 பிப்ரவரியில் மத்திய அரசு வெளிநாட்டு ட்ரோன்களை முழுதாகவோ பிரித்த கிட்டாகவோ இறக்குமதி செய்யத் தடை விதித்தது. உதிரி பாகங்களுக்கு அந்தத் தடை இல்லை. அரசு யாரை நினைத்து இதைச் செய்ததோ, சொந்தமாகக் கட்டுபவருக்கு இது பாதகமில்லை.

சட்டம் இடம் தந்தாலும் பட்டறை வேண்டும். ஐ.டி.ஐ.களிலும் பாலிடெக்னிக்குகளிலும் லேத் இருக்கிறது, வெல்டிங் இருக்கிறது, ஆர்வமுள்ள மாணவர்கள் இருக்கிறார்கள். கிராமத்துக் கைவினைஞருக்கும் அந்தக் கதவைத் திறந்துவிடலாம். ஹெலிகாப்டர் செய்ய வேண்டும் என்று வருபவரிடம் முடியாது என்று சொல்லத் தேவையில்லை. முதலில் ஆறில் ஒரு பங்கில் செய், ஆளில்லாமல் ஐம்பது முறை பறக்கவிடு, எது உடைகிறது என்று நோட்டில் எழுதிவை என்று சொன்னால் போதும். யங்கின் மாடல்கள் உடைந்த ஒவ்வொரு முறையும் அவர் மறுநாள் பட்டறைக்குத் திரும்ப முடிந்தது. யவத்மால் இளைஞருக்கு அந்த வாய்ப்பு இல்லாமல் போனது.