பெங்களூரு மக்கள் மருந்தகப் பூசலும் ரத்தக் கொதிப்பு நோயாளியும்

கர்நாடகத்தில் அரசு மருத்துவமனை வளாகங்களுக்குள் இயங்கிவந்த மக்கள் மருந்தகங்களை மூடுமாறு அம்மாநில அரசு 2025 மே மாதம் பிறப்பித்த உத்தரவு, பெங்களூருவில் தொடங்கி தில்லி வரை அரசியல் மோதலாக வெடித்தது. மத்திய அரசின் ‘ஜன் ஔஷதி’ திட்டத்தின்கீழ் நடைபெறும் இக்கடைகளில் ஏறத்தாழ 180 கடைகள் அரசு மருத்துவமனை வளாகங்களில் இருந்தன. புதிதாகக் கடை திறக்க வந்த விண்ணப்பங்களும் நிராகரிக்கப்பட்டன.

அரசு மருத்துவமனையில் நோயாளிக்கு மருந்து இலவசமாகவே கிடைக்க வேண்டும், அதே வளாகத்தில் காசு வாங்கும் கடை எதற்கு என்பது மாநில சுகாதார அமைச்சர் தினேஷ் குண்டுராவின் வாதம். வளாகத்துக்கு வெளியே எத்தனை மக்கள் மருந்தகங்கள் வேண்டுமானாலும் நடக்கட்டும் என்றும் அவர் கூறினார். பிரதமரின் பெயர் தாங்கிய திட்டம் என்பதாலேயே காங்கிரஸ் அரசு அதை விரட்டுகிறது என்று பாஜக குற்றம் சாட்டியது. கடை நடத்துவோர் நீதிமன்றம் சென்றனர். 2025 ஜூலையில் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் தார்வாட் அமர்வு அரசின் உத்தரவுக்கு இடைக்காலத் தடை விதித்தது.

இலவசமா, மலிவு விலையா என்ற இந்தப் பூசலில் இரு தரப்புமே ஏழை நோயாளியின் பெயரைத்தான் சொல்கின்றன. ஆனால் அந்த நோயாளி கேட்கும் கேள்வி வேறு. பல ஆண்டுகளாக ஒரே பெயரில் வாங்கி விழுங்கிவந்த ரத்தக் கொதிப்பு மாத்திரைக்குப் பதிலாக, பெயரே இல்லாத ஒரு மாத்திரையைக் கையில் கொடுக்கிறார்களே, இது அதே வேலையைச் செய்யுமா என்பதே அவருடைய கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பை பெங்களூருவும் ஏற்கவில்லை, தில்லியும் ஏற்கவில்லை.

கேள்வி கேட்போரின் எண்ணிக்கையும் சிறியதன்று. சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து நாடு முழுவதும் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 31.5 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது. காய்ச்சலைப் போல் ஐந்து நாளில் முடிகிற வைத்தியம் அன்று இது. வாழ்நாள் முழுவதும் தினமும் மாத்திரை வேண்டும். கையில் காசில்லை என்று பத்து நாள் நிறுத்தினால் உடம்பு உடனே ஒன்றும் சொல்லாது. ஒருநாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ சொல்லும்.

பெயருக்குள் இருப்பது என்ன?

பெங்களூரு சிவாஜிநகரில் ஆனாலும் சென்னை திருவல்லிக்கேணியில் ஆனாலும், மருந்துக் கடையில் ‘கம்பெனி மருந்து’ என்று மக்கள் மதிப்புடன் வாங்குபவற்றில் பெரும்பகுதி ஜெனரிக் மருந்துதான் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. ரத்தக் கொதிப்புக்கு மிகுதியாக எழுதப்படும் அம்லோடிபின் மாத்திரையை உலகச் சந்தைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் ஃபைசர் நிறுவனம். அங்கே அதன் காப்புரிமை 2007 வரை நீடித்தது. இந்திய நிறுவனங்களோ 1990-களிலேயே அதைத் தயாரித்து ஆளுக்கொரு பெயரில் விற்கத் தொடங்கிவிட்டன. ஜெர்மனியின் போரிங்கர் இங்கல்ஹைம் நிறுவனத்தின் டெல்மிசார்ட்டன் கதையும் அப்படிப்பட்டதே. இன்று ‘டெல்மா’, ‘ஸ்டாம்லோ’, ‘அம்லாங்’ என்று நாம் அறிந்த பெயர்கள் எல்லாம் அசல் மருந்தைக் கண்டுபிடித்தவர்களின் பெயர்கள் அல்ல. ‘அம்லாங்’ மாத்திரையை விற்பது பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட மைக்ரோ லேப்ஸ் நிறுவனம்.

இதற்கு வழி திறந்தது ஒரு தமிழரின் அறிக்கை. நீதிபதி ராஜகோபால அய்யங்கார் 1959-இல் அளித்த பரிந்துரைகளை அடியொற்றி உருவான 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, தயாரிப்பு முறைக்கு மட்டுமே உண்டு என்று வரையறுத்தது. உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தத்துக்கு இணங்கி 2005-இல் பொருள் காப்புரிமை திரும்பவும் வந்துவிட்டது. ஆனால் பழைய ரத்தக் கொதிப்பு மருந்துகள் அதற்கு முன்பே பொதுச் சொத்தாகிவிட்டன.

ஆகவே இந்தியாவில் ‘பிராண்டிலிருந்து ஜெனரிக்குக்கு மாறுவது’ என்பது பெரும்பாலும் ஒரு ஜெனரிக்கிலிருந்து இன்னொரு ஜெனரிக்குக்கு மாறுவதே. விலையில்தான் வானுக்கும் மண்ணுக்குமான வேறுபாடு. பெயர்பெற்ற டெல்மிசார்ட்டன் 40 மில்லிகிராம் மாத்திரை பத்து வாங்க ஏறத்தாழ 70 ரூபாய் ஆகிறது என்றால், மக்கள் மருந்தகத்தில் 15 ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. தமது மருந்துகள் 50 முதல் 80 விழுக்காடு வரை மலிவு என்று மத்திய அரசு கூறுவது இவ்வகையில் மிகையன்று.

அப்படியானால், அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்ற மாத்திரைக்கு அரசே உச்சவரம்பு விலை வைத்த பிறகும் இந்த இடைவெளி ஏன்? காரணம் 2013-ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையில் இருக்கிறது. அதற்கு முன்பு தயாரிப்புச் செலவைக் கணக்கிட்டு விலை வைத்தார்கள். 2013-க்குப் பின், சந்தையில் ஒரு விழுக்காட்டுக்குக் குறையாத பங்குள்ள பிராண்டுகளின் விலைகளைக் கூட்டிச் சராசரி கண்டு, சில்லறை வணிகருக்கு 16 விழுக்காடு சேர்த்து உச்சவரம்பு என்கிறார்கள். பெயரை விற்று ஏற்றிய விலையே அடிப்படை விலையாகிவிடுகிறது. விலையைக் கட்டுப்படுத்தும் ஆணை விலைக்குக் காவல் நிற்கும் விந்தை இது.

இந்த இடைவெளியில் இன்னொரு கூத்தும் நடக்கிறது. சில நிறுவனங்கள் அதே மாத்திரையை விற்பனைப் பிரதிநிதி இல்லாமல் நேரடியாகக் கடைகளுக்குத் தள்ளுகின்றன. கடைக்காரருக்கு மிகக் குறைந்த விலை. அட்டையில் அச்சிட்ட விலையோ உச்சவரம்பை ஒட்டியது. கடைக்காரர் மனம் வைத்தால்தான் நோயாளிக்குத் தள்ளுபடி.

சீட்டு எழுதுபவரும் கொடுப்பவரும்

மருத்துவர் பிராண்டுப் பெயர் எழுதிய சீட்டோடு ஒருவர் மக்கள் மருந்தகத்துக்குச் செல்கிறார். அங்குள்ள மருந்தாளுநர் அதே வேதிப்பெயருள்ள மாத்திரையைக் கொடுக்கலாமா? 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 65(11ஏ) என்ற உட்பிரிவு, சீட்டில் எழுதியதற்குப் பதிலாக வேறொன்றை, அதே மருந்துப்பொருள் அடங்கியதாக இருந்தாலும், கொடுக்கக் கூடாது என்கிறது. ஒருபுறம் அரசே நாடெங்கும் 15,000-க்கும் மேற்பட்ட ஜெனரிக் கடைகளைத் திறந்து வைத்திருக்கிறது. மறுபுறம் அக்கடைகளின் அன்றாட வேலையைத் தடுக்கும் விதியையும் ஏட்டில் வைத்திருக்கிறது.

மருத்துவர்களே பொதுப்பெயரில் எழுதிவிட்டால் இச்சிக்கல் எழாது. அதற்கான முயற்சிகளின் வரலாறு நீண்டது. ஜெய்சுக்லால் ஹாத்தி தலைமையிலான குழு 1975-இலேயே பிராண்டுப் பெயர்களைப் படிப்படியாக ஒழிக்கப் பரிந்துரைத்தது. ஆஸ்பிரின், அனால்ஜின் உள்ளிட்ட ஐந்தே ஐந்து மருந்துகளில் அதைத் தொடங்க ஜனதா ஆட்சியின் 1978 மருந்துக் கொள்கை முடிவு செய்தது. நிறுவனங்கள் நீதிமன்றப் படியேறின, திட்டம் முடங்கியது. 2017 ஏப்ரலில் பிரதமர் மோடி சூரத்தில் பேசியபோது, ஜெனரிக் பெயரில் எழுதச் சட்டம் வரும் என்று உணர்த்தினார். 2023 ஆகஸ்ட் 2-ஆம் தேதி தேசிய மருத்துவ ஆணையம் தண்டனையோடு கூடிய ஒழுங்குமுறைகளை அறிவித்தது. மூன்றே வாரத்தில், ஆகஸ்ட் 23-ஆம் தேதி, அவற்றை நிறுத்தி வைத்தது. மருந்து நிறுவனங்களின் விளம்பரச் செலவில் மாநாட்டுக்குச் செல்லக் கூடாது என்ற பகுதியும் அதே கட்டில் இருந்ததால் அதுவும் சேர்ந்தே உறங்கப் போனது.

இந்திய மருத்துவச் சங்கம் அப்போது முன்வைத்த வாதத்தைத் தன்னலம் என்று ஒதுக்கிவிட இயலாது. எல்லா நிறுவனங்களின் மருந்தும் ஒரே தரம் என்ற உறுதி இல்லாதபோது மருத்துவர் பொதுப்பெயரை மட்டும் எழுதினால், எந்த நிறுவனத்தின் மாத்திரை என்ற முடிவு மருத்துவரிடமிருந்து கடைக்காரரின் கைக்குப் போகிறது என்றது சங்கம். கூடுதல் லாபம் தருவதே கைக்கு முதலில் வரும் என்பது யாவரும் அறிந்ததே.

தரத்துக்கு யார் காவல்?

அம்லோடிபின் நீரில் எளிதில் கரைந்து உடலில் சேரும் இயல்புடையது. டெல்மிசார்ட்டன் அவ்வாறன்று. எளிதில் கரையாது; அதனால் தயாரிப்பு முறை சற்றுப் பிசகினாலும் ரத்தத்தில் சேரும் அளவு மாறக்கூடும். ஈரத்தையும் இழுக்கும். அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டு வைத்தால் நல்ல நிறுவனத்தின் மாத்திரையும் கெடும். இத்தகைய கரையாத மருந்துகளுக்கு, மூல மருந்தைப் போலவே அதே அளவில், அதே வேகத்தில் ரத்தத்தில் கலக்கிறதா என்று மனிதரிடம் சோதித்துக் காட்டிய பின்னரே உரிமம் என்ற விதி இந்தியாவில் 2017 ஏப்ரலில்தான் வந்தது. அதுவும் புதிதாக உரிமம் கோருவோருக்கு. அதற்கு முன் உரிமம் பெற்றவை பிராண்டாயினும் பெயரற்றதாயினும் சந்தையில் தொடர்ந்தன.

பிராண்டு என்றால் பாதுகாப்பு என்ற நம்பிக்கையும் 2024-இல் ஆட்டம் கண்டது. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்துக்கு வெளியிட்ட தரமற்ற மருந்துப் பட்டியலில் ரத்தக் கொதிப்புக்கான ‘டெல்மா எச்’ மாத்திரையின் ஒரு தொகுதி இருந்தது. அது தாங்கள் தயாரித்ததே அன்று, போலி என்று நிறுவனம் பதிலளித்தது. புகழ்பெற்ற பெயருக்குத்தான் போலி அச்சிட ஆள் வருவான் என்பதை அந்தப் பட்டியல் காட்டிற்று. அதே பட்டியலில் பெங்களூருவின் பொதுத்துறை நிறுவனமான கர்நாடகா ஆன்டிபயாடிக்ஸ் அண்ட் ஃபார்மசூட்டிகல்ஸ் தயாரித்த பாரசிட்டமால் தொகுதி ஒன்றும் தேறவில்லை. ஆக, பிராண்டையும் நம்ப முடியவில்லை, அரசு ஆலை என்பதும் தானாகவே உத்தரவாதம் ஆகவில்லை.

‘எல்லாம் இலவசம்’ என்ற கர்நாடக அரசின் வாதம் தடுமாறுவதும் இங்கேதான். 2024 நவம்பரிலும் டிசம்பர் தொடக்கத்திலும் பல்லாரி அரசு மருத்துவமனையில் பிரசவ அறுவைக்குப் பின் ஐந்து தாய்மார்கள் உயிரிழந்தனர். நரம்பில் ஏற்றிய ரிங்கர் லாக்டேட் திரவத்தின் மீது மாநில அரசே ஐயம் எழுப்பியது. மாநில ஆய்வில் குறை காணப்பட்ட தொகுதிகளில் சிலவற்றை மத்திய ஆய்வகம் நல்லவை என்று சான்றளித்திருந்தது என்பது அமைச்சரின் விளக்கம். மாநில மருந்துக் கட்டுப்பாட்டாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். ஒரே மருந்துக்கு இரண்டு ஆய்வகங்கள் இரண்டு முடிவு சொல்லும் நாட்டில், சாதாரண நோயாளி பெயரைப் பார்த்து மருந்து வாங்குவதைப் பிழை என்று எப்படிச் சொல்வது?

நம்பிக்கையைக் கட்டியெழுப்பிய முன்மாதிரிகளும் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தொடங்கப்பட்டது முதல் பொதுப்பெயரிலேயே மருந்து கொள்முதல் செய்து, ஒவ்வொரு தொகுதியையும் சோதனைக்கு அனுப்பிய பிறகே விநியோகித்துவருகிறது. இதே மாநிலத்தில் 2025 பிப்ரவரி 24-ஆம் தேதி 1,000 ‘முதல்வர் மருந்தகங்கள்’ திறக்கப்பட்டன. இலவச விநியோகம் ஒருபுறம் நடக்க, தனியார் மருத்துவரிடம் செல்வோருக்கு மலிவுக் கடை மறுபுறம் என்று இரண்டும் ஒரே மாநிலத்தில் இயங்க முடிந்தது. பெங்களூருவில் இரண்டில் ஒன்று என்று சண்டை நடந்தது. மத்திய ரசாயனத் துறை அமைச்சராக மக்கள் மருந்தகத் திட்டத்துக்கு வேகம் கொடுத்த மறைந்த அனந்தகுமார், இதே பெங்களூரு தெற்குத் தொகுதியின் உறுப்பினர் என்பது ஒரு வேடிக்கை. திட்டத்தின் தொடக்கமோ 2008-இல் அமிர்தசரசில், காங்கிரஸ் தலைமையிலான கூட்டணி அரசில் அமைச்சராக இருந்த ராம்விலாஸ் பஸ்வான் காலத்தில். இதை இரு கட்சிகளும் நினைவுகூர விரும்புவதில்லை.

மத்திய அரசின் இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்முயற்சி 2017-இன் இறுதியில் தொடங்கி ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்து காட்டியதும் கவனத்துக்குரியது. மாநிலத்துக்கு ஒரு சிகிச்சை நெறி, அம்லோடிபின், டெல்மிசார்ட்டன் போன்ற சில மருந்துகள் மட்டும், அவையும் பொதுப்பெயரில், இருப்புத் தீராமல். 2022-இல் ஐ.நா.வின் விருதும் அதற்குக் கிடைத்தது. பெயரில்லா மாத்திரையால் ரத்த அழுத்தம் இறங்கும் என்பதற்கு வேறு சான்று தேடிப் போக வேண்டியதில்லை.

இருப்பினும் மாத்திரை மாற்றுவோர் அறிந்திருக்க வேண்டிய சில செய்திகளை எந்தக் கடையிலும் எழுதி வைப்பதில்லை. பிராண்டுப் பெயருக்குப் பின்னால் ‘ஏஎம்’ என்றோ ‘எச்’ என்றோ இருந்தால் அதில் இரண்டு மருந்துகள் கலந்திருக்கின்றன. வெறும் டெல்மிசார்ட்டனை மாற்றாக வாங்கினால் பாதி வைத்தியம் நின்றுபோகும். மெட்டோபுரோலால், நிஃபெடிபின் போன்றவற்றில் மெதுவாகக் கரையும் வகை வேறு, சாதாரண வகை வேறு. ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது. மாற்றிய சில வாரங்களுக்குள் ரத்த அழுத்தத்தை அளந்து பார்த்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். கடைக்குக் கடை மாறி மாதந்தோறும் வேறு வேறு நிறத்தில் மாத்திரை வரும்போது முதியவர்கள் ஒரே மருந்தை இருமுறை விழுங்கிவிடும் ஆபத்தும் உண்டு.

இத்தனையையும் நோயாளிக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர் மருந்தாளுநர். அவர் மாற்றிக் கொடுப்பதையே தடுக்கும் 65(11ஏ) விதியைத் திருத்த வேண்டியது தில்லி. பெங்களூரு உத்தரவு குறித்து நடந்த வாதப் பிரதிவாதங்களில் அந்த விதியின் பெயர் எவர் வாயிலும் பெரிதாக அடிபடவில்லை.